கியோக்கா: பகடிப்பாவும் அதன் புலவர் படங்களும்

ஜப்பானிய மர அச்சுப் படங்களைத் தேடிப் பார்ப்பவர்கள் கண்ணில் 'கியோக்கா' என்ற சொல் கட்டாயம் படும். 'கியோ' என்றால் பித்து, 'கா' என்றால் பாட்டு. 5-7-5-7-7 என்று மொத்தம் 31 ஒலிகள். அரசவைக் கவிதையான வாக்காவுக்கும் இதே அளவுதான். அந்தப் பழைய சட்டகத்துக்குள் சாப்பாடு, கடன், குடி என்று எதை வேண்டுமானாலும் சிலேடையோடு நுழைத்துவிடுவதுதான் கியோக்கா.

10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்ட கொக்கின்ஷூ நூலின் முன்னுரை, வலிமை எதுவும் இல்லாமலே வானத்தையும் பூமியையும் அசைக்கக்கூடியது கவிதை என்கிறது. எதோ நகரில் (இன்றைய டோக்கியோ) விடுதி நடத்திய யாதோயா நோ மெஷிமோரி அதற்கு ஒரு கியோக்கா பாடினார்: கவிஞன் மோசமாக எழுதுவதே நல்லது, வானமும் பூமியும் நிஜமாகவே ஆட ஆரம்பித்தால் யார் தாங்குவது? எவ்வளவு அழகான பதில்! அவர் புனைபெயருக்கே 'விடுதியில் சோறு பரிமாறுபவர்' என்றுதான் அர்த்தம். சியே நோ நைஷி என்றொரு பெண் புலவர் இருந்தார். அரசவைப் பெண்களின் பட்டம் போல ஒலிக்கும் அந்தப் பெயரைக் கொஞ்சம் மாற்றிப் பிரித்தால் 'அறிவில்லாதவள்' என்று வரும்.

சரி, படங்களுக்கு வருவோம். பழங்காலப் பெருங்கவிஞர்களை வரைந்து அருகிலேயே அவர்கள் பாட்டையும் எழுதுவது ஜப்பானில் நெடுநாள் மரபு. நூறு கவிஞர்களுக்கு ஆளுக்கு ஒரு பாட்டு என்ற தொகுப்பு அங்கே எல்லோருக்கும் தெரிந்தது. 1786இல் பதிப்பாளர் ட்சுதாயா ஜூஸபுரோ அதே பாணியில் ஐம்பது கியோக்காப் புலவர்களை வைத்து ஒரு நூல் போட்டார். தொகுத்தவர் மெஷிமோரி, வரைந்தவர் கிதாவோ மசனோபு. விடுதிக்காரரும் கீழ்நிலைச் சாமுராயும் பழைய அரசவைக் கவிஞர்களின் தோரணையில் அமர்ந்திருக்க, மேலே அவர்கள் பாட்டு. அடுத்த ஆண்டே நூறு புலவர்களோடு இன்னொரு நூலும் வந்தது. கியோக்கா வாக்காவைப் பகடி செய்வது போலவே இந்தப் படங்கள் பழைய புலவர் படங்களைப் பகடி செய்கின்றன, அதனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் சுவை.

கியோக்காவைத் தமிழில் என்ன சொல்லலாம்? 'பித்துப்பா' என்றால் நமக்குப் பக்திப் பித்துதான் நினைவுக்கு வரும். 'வசைப்பா' பொருந்தாது, இங்கே யாரையும் திட்டுவது நோக்கமில்லை. 'அங்கதம்' கொஞ்சம் நெருங்கி வந்தாலும் எல்லாக் கியோக்காவிலும் குத்தல் இருப்பதில்லை. 'நோ' என்ற பழைய ஜப்பானிய நாடகங்களுக்கு இடையே ஆடும் சிரிப்பு நாடகமான 'கியோகென்' என்பதிலும் இதே 'கியோ'தான் இருக்கிறது. முறையான ஒன்றின் பக்கத்திலேயே நின்று விளையாடுவது என்ற பொருள் அங்கேயும் உண்டு. அதனால் 'பகடிப்பா' என்பதே என் தேர்வு. படங்களைப் 'பகடிப்புலவர் மர அச்சுப் படங்கள்' எனலாம்.

'சுரிமோனோ'வை இதோடு குழப்ப வேண்டாம். அந்தச் சொல்லுக்கு 'அச்சிட்டது' என்றுதான் பொருள். கியோக்காக் குழுக்கள் தங்கள் செலவில் அச்சிட்டு, பெரும்பாலும் புத்தாண்டுக்கு நண்பர்களுக்குள் கொடுத்துக்கொண்ட தனித்தாள்கள் அவை, கடையில் விற்பதற்கானவை அல்ல. ஹொக்கெய், ககுதெய் போன்ற ஓவியர்கள் அவற்றில் உலோகப் பொடியும் மை தடவாத புடைப்பு அச்சும் சேர்த்துச் செய்த வேலை அபாரமானது. தமிழில் 'அன்பளிப்பு அச்சுத்தாள்' என்றால் புரிந்துவிடும்.