மூன்றுகால் நாயும் முன்பள்ளிப் பிள்ளைகளும்

அக்கராயனில் இருந்து ஒரு முன்பள்ளி ஆசிரியை கேட்டிருக்கிறார்: "விட்டுக்கொடுத்து விளையாடச் சொல்லும் கார்ட்டூன்களையே தேடிப் போடுகிறேன். பார்த்து முடிந்ததும் பிள்ளைகள் முன்னையைவிடக் கூடுதலாகப் பிடுங்குப்படுகிறார்களே, ஏன்?"

பிள்ளைகளில் பிழையில்லை. பத்து நிமிடக் கதை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு ஒன்பது நிமிடங்களுக்குப் பொம்மையைப் பறிப்பார்கள், பழிப்புக் காட்டுவார்கள், கோபம் போடுவார்கள். கடைசி நிமிடத்தில் மன்னிப்பு. அந்த மன்னிப்பைக் கொண்டு முன்னால் நடந்த அத்தனையையும் "இது கூடாது" என்று நாம் திருப்பிப் படித்துக்கொள்கிறோம். அதற்கு, தொடக்கத்தில் கண்டதை மனதில் வைத்திருந்து முடிவோடு முடிச்சுப் போட வேண்டும். நான்கு வயதில் அந்த வித்தை இன்னும் கைவரவில்லை. கதை துண்டு துண்டாகவே உள்ளே போகிறது. சண்டைத் துண்டில் ஓட்டமும் கூச்சலும் சிரிப்பும் உண்டு. மன்னிப்புத் துண்டில் இரண்டு உருவங்கள் நின்று கதைக்கின்றன, அவ்வளவுதான். எது ஒட்டும்?

அமெரிக்காவின் மாரி-லூயிஸ் மேர்ஸும் எமிலி அகோஸ்டாவும் 2008இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 'கிளிஃபோர்ட்' என்ற கார்ட்டூனில் மூன்றுகால் நாயொன்று வருகிறது. மற்ற நாய்கள் முதலில் மிரண்டு, பிறகு சேர்ந்துகொள்கின்றன. வேறுபட்டவர்களை ஏற்றுக்கொள் என்பதுதான் பாடம். பார்த்த சிறுவர்களில் பலருக்கு அது பிடிபடவில்லை. மூன்றுகால் நாய்களிடம் அன்பாக இருக்க வேண்டும் என்பதோடு நின்றுவிட்டார்கள்! கண்டதை அப்படியே சொல்லும் நேர்மையான விடை. ஆனால் நாயிலிருந்து மனிதருக்குத் தாவவில்லை. மிதிவெடியில் கால் இழந்தவர்கள் வாழும் வன்னியில், அந்தத் தாவலைக் கார்ட்டூனை நம்பி விடுவதைவிட, செயற்கைக் காலோடு நடக்கும் அயல்வீட்டு மாமா ஒருவரை முன்பள்ளிக்கு அழைத்துக் கதை சொல்லச் செய்வது மேல்.

அதற்காகத் தொலைக்காட்சியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. 2012இல் தொடங்கிய 'டேனியல் டைகர்' என்ற கார்ட்டூன் சண்டையைச் சுருக்கி, தீர்வை ஒரு வரிப் பாட்டாக்கி, கதை நெடுகத் திரும்பத் திரும்பப் பாடுகிறது: கோபம் வந்தால் மூச்சை இழுத்து நான்கு வரை எண்ணு. இரண்டு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் அதைக் காட்டிய ஆய்வு 2016இல் வந்தது. பிறர் உணர்வை அறிவதிலும் பரிவிலும் முன்னேற்றம் தெரிந்தது, பார்ப்பதைப் பற்றிப் பெற்றோர் கதைக்கும் வீடுகளில்.

ஆகவே ஆசிரியையே, ரிமோட் உங்கள் கையில் இருக்கட்டும். பொம்மை பறிபோகும் இடத்திலேயே நிறுத்துங்கள். "அவளுக்கு இப்போது எப்படி இருக்கும்? உன்னுடையதைப் பறித்தால்?" கார்ட்டூனில் வரும் டோராவும் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பாள்தான்; பிள்ளை என்ன சொன்னாலும் அவளுக்குக் கேட்காது. உங்களுக்குக் கேட்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1992இல் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற அமெரிக்கச் சிறுவர் தொடரின் குழு, பெற்றோரின் மணமுறிவு பற்றி ஒரு நிகழ்ச்சியை எடுத்து முடித்து, முதலில் சிறு பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்தது. அப்பா அம்மா வாக்குவாதப்பட்டாலே பிரிந்துவிடுவார்கள் என்று சில பிள்ளைகள் விளங்கிக்கொண்டார்கள். செலவைப் பாராமல் அதை ஒளிபரப்பாமலே ஒதுக்கிவிட்டார்கள். தமிழில் சிறுவர் நிகழ்ச்சி எடுப்பவர்களும், அதற்குப் பணம் தருபவர்களும், மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு முன்பள்ளியில் முதலில் போட்டுக் காட்டட்டும். ஆய்வுகூடம் தேவையில்லை. பாயில் உட்கார்ந்து, "என்ன கதை, சொல்லு பார்ப்போம்" என்று கேட்டு, பிள்ளை சொல்வதைத் திருத்தாமல் எழுதிக்கொள்ள ஒருவர் போதும்.