வெளிநாட்டுல இறந்தவங்கட உடல வீட்டுக்கு எடுக்கிறது: கையெழுத்துப் போட முதல் இத வாசிங்க

பொரளைப் பக்கம் ஒரு மலர்ச்சாலையில, அதாவது இறந்தவங்கட உடல ஆயத்தப்படுத்துற இடத்துல, வேலை செய்றேன். கட்டுநாயக்க விமான நிலையக் கார்கோவுக்குப் போய் வெளிநாட்டுல இருந்து வாற சவப்பெட்டிகள கிளியர் பண்ணி, திறந்து, ஆயத்தப்படுத்தி ஊருக்கு அனுப்புறதுதான் என்ட வேலையில பெரிய பங்கு. ஹட்டன், மட்டக்களப்பு, வவுனியா, இங்க கொழும்புலயே கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் என்டு எல்லா இடத்துச் சனமும் வருவாங்க, வந்த உடனே கேக்கிறது "எப்ப வரும்?" என்டுதான். நியாயமான கேள்விதான், ஆனா அதுக்குப் பதில் எங்கட கையில இல்ல, அந்த நாட்டுல இருக்கிற எங்கட எம்பசிட கையிலயும் முழுசா இல்ல, குடும்பம் முதல் ரெண்டு மூணு நாளுக்குள்ள என்ன சொல்லுது, எந்தக் கடதாசியில கையெழுத்துப் போடுது என்டதுலதான் பாதி விஷயம் தீர்மானமாகுது.

செய்தி பெரும்பாலும் கூட வேலை செய்றவங்க மூலமாவோ, வேலைக்கு அனுப்பின சப் ஏஜெண்ட் மூலமாவோதான் போன்ல வரும். அழுதுகொண்டு இருக்கிற வீட்டுல இத சொல்றது கஷ்டம்தான், ஆனாலும் வீட்டுல நிதானமான ஒருத்தர் உடனே எழும்பி நடக்கணும். பதிவு செய்து போனவங்கன்னா வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989க்கு கோல் எடுங்க. அதோட பத்தரமுல்லை சுஹுருபாயவுல இருக்கிற வெளிநாட்டு அமைச்சுட கொன்சியூலர் பிரிவுக்கு ஆள் போகணும். பாஸ்போர்ட் கொப்பி, அடையாள அட்டை, உறவக் காட்டுற கல்யாணச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ, கிராம சேவகர்ட கடிதம், இதெல்லாம் கையில இருக்கட்டும். பொடிய (உடல) இங்க எடுக்கணுமா அங்கயே அடக்கணுமா என்டு நெருங்கின உறவுக்காரர் எழுத்துல சொல்லாம அங்க ஒண்டும் நகராது. மனைவி ஒண்டு சொல்லி, அம்மா இன்னொண்டு சொல்லி, ரெண்டு கடிதம் போச்சுன்னா எம்பசி ரெண்டையும் வச்சிட்டு பேசாம இருக்கும், அவங்களக் குறை சொல்லவும் ஏலாது. கோபதாபம் என்ன இருந்தாலும் ஒரே ஆள், ஒரே கடிதம், ஒரே போன் நம்பர்.

இனி கையெழுத்து. இதுலதான் எனக்கு ஆத்திரமே வாறது. செத்த வீட்டுக்கு சப் ஏஜெண்ட் ஒரு பைலோட வருவார், பொடி கெதியா வாறதுக்குத்தான் இது, இங்க ஒரு சைன் வைங்க அம்மா என்டுவார், அந்தக் கடதாசி அரபியில இருக்கும் இல்லாட்டி சிங்களத்துல இருக்கும், வாசிக்க ஏலாத தாய் கண்ணத் துடைச்சிட்டு வச்சிருவா. அந்த மாதிரிக் கடதாசியில மூணு விதமான விஷயம் இருக்கலாம். அங்கயே அடக்க சம்மதம் என்டு இருக்கலாம், சாவுல சந்தேகம் இல்ல என்டு இருக்கலாம், சம்பள பாக்கி எல்லாம் கிடைச்சிட்டுது என்டும் இருக்கலாம். மூணும் வேற வேற, ஒண்டுக்கு ஒண்டு சம்பந்தமே இல்ல. பொடிய எடுக்கிறதுக்காக சம்பள பாக்கிய விட்டுக்கொடுக்க ஒருத்தருக்கும் கடமை இல்ல. எம்பசிக்கு அற்றோனித் தத்துவம் குடுக்கச் சொன்னா அது வேற, அது உங்கட சார்பா அங்க பேசுறதுக்குத் தேவைப்படுறது, அதையும் வாசிச்சு விளங்கிட்டுத்தான் குடுக்கணும். தெரிஞ்ச ஒரு டீச்சரயோ மௌலவியயோ சட்டத்தரணியயோ கூப்பிட்டு வாசிப்பிச்சுக் கேளுங்க, வெத்துக் கடதாசியில மட்டும் எந்தக் காலத்துலயும் கையெழுத்து வைக்காதீங்க.

செலவு யார்ட தலையில என்டதும் சனத்துக்குத் தெரியாது. சவூதி தொழிலாளர் சட்டத்துல 40ஆவது பிரிவுலயே இருக்கு, தொழிலாளி இறந்தா பொடிய ஆயத்தம் செய்து ஊருக்கு அனுப்புற செலவு முதலாளிடது, குடும்பம் சம்மதிச்சு அங்க அடக்கினா மட்டும்தான் அனுப்புற செலவு இல்ல. வீட்டுவேலைக்குப் போன பிள்ளைகள் அந்தச் சட்டத்துக்குள்ள வரமாட்டாங்க, அவங்களுக்கு வேற விதிமுறை, ஆகவே அவங்கட ஒப்பந்தக் கொப்பி வீட்டுல இருக்கிறது ரொம்ப முக்கியம். போக முதலே ஒரு போட்டோவாவது எடுத்து வைங்க. பணியகத்துல பதிஞ்சு போனவங்களுக்கு காப்புறுதி இருக்கு, விசிட் விசாவுல போனவங்களுக்கு அது இல்ல.

சாவுல சந்தேகம் இருந்தா எப்ப சொல்றது? எம்பாம் பண்ண முதல், அதாவது பொடி பழுதாகாம இருக்க மருந்து ஏத்த முதல். இத எத்தன பேருக்குச் சொன்னாலும் போதாது. பிளேன்ல வாற பொடிக்கு போர்மலின் ஏத்தித்தான் அனுப்புவாங்க, அது ஏறினதுக்குப் பிறகு விஷம், மருந்து, மதுசாரம் மாதிரி விஷயங்கள டெஸ்ட் பண்ணி நிச்சயமா சொல்றது ரொம்ப கஷ்டமாகிடும். எலும்பு முறிவு, காயம் பிறகும் தெரியும்தான், ஆனா எல்லாம் தெரியாது. கடைசியா பேசின போன் கோல்ல பிள்ளை பயந்து பேசியிருந்தா, அடிக்கிறாங்க என்டு சொல்லியிருந்தா, அந்த வொய்ஸ் மெசேஜ அழிக்காதீங்க, அங்கயே போஸ்ட்மோர்ட்டம் வேணும் என்டு எழுத்துல எம்பசிக்கு கேளுங்க. அதுக்கு நாள் கூட எடுக்கும், ஆனாலும் அதுதான் சரி. இங்க வந்த பிறகுதான் சந்தேகம் வந்ததுன்னா பொலிசுல முறைப்பாடு போடுங்க, நீதவான் உத்தரவு போட்டா சட்ட வைத்திய அதிகாரி இங்க திரும்பப் பரிசோதிப்பார். அது முடியிறவரைக்கும் தகனம் பண்ணிடாதீங்க.

பிந்துறதுக்கு எல்லா நேரமும் யாரோ ஏமாத்துறாங்க என்டு அர்த்தம் இல்ல. சவூதி, குவைத், கட்டாரெல்லாம் வெள்ளி சனி லீவு, இங்க சனி ஞாயிறு, ரெண்டு பக்கமும் ஒபிஸ் திறந்திருக்கிறது திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும் மட்டும்தான். டுபாய் பக்கம் 2022ல இருந்து சனி ஞாயிறு லீவாக்கிட்டாங்க, அதனால அங்க கொஞ்சம் சுகம். பொலிஸ் கிளியரன்ஸ், மரண சான்றிதழ், விசா கென்சல், எம்பாம் சான்றிதழ், எம்பசிட ஆட்சேபனை இல்லாக் கடிதம், பெட்டி சீல் பண்ணின சான்றிதழ், கடைசியா பிளைட்ல இடம், இதுல ஒண்டு நிண்டா எல்லாம் நிண்டுரும். இங்கிலாந்துல இருந்து எடுக்கிறதுன்னா கொரோனருக்கு (அங்க மரண விசாரணை செய்ற அதிகாரி) அறிவிக்கணும், அறிவிச்ச பிறகு முழுசா நாலு நாள் வரைக்கும் பொறுக்க வேண்டி வரலாம். ஏர்வே பில் (பெட்டிய பிளேன்ல அனுப்புறதுக்கான கார்கோ கடதாசி) நம்பர் கைக்கு வராம மரண அறிவித்தல் போட்டு, பந்தல் கட்டி, சொந்தக்காரர வரச் சொல்லிடாதீங்க, பிறகு நாள் மாறி மாறி அந்தத் தாய் தகப்பன்தான் படுற பாடு.

பெட்டி கார்கோவுல வாறது, பயணிகள் வெளியில வாற பக்கம் இல்ல, மாலையோட அங்க நிக்க வேண்டாம். விமான நிலைய சுகாதார அதிகாரி, சுங்கம் ரெண்டும் முடிச்சுத்தான் வெளியில விடுவாங்க. வெளியில பலகைப் பெட்டி, அதுக்குள்ள ஈயம் வச்சு ஒட்டின துத்தநாகத் தகரம், தகரக் கத்திரியால ஓரமா வெட்டி மடிச்சுத் திறக்கிறப்ப போர்மலின் வாசம் கண்ணுல எரியும். முகம் நிறம் மாறியிருக்கலாம், வீங்கியிருக்கலாம், தலைமுடி வெட்டியிருக்கலாம். அதனால நான் முதல்ல குடும்பத்துல மனசு திடமான ஒருத்தர மட்டும் உள்ள கூப்பிட்டு, ஆள் சரியா என்டு பாக்கச் சொல்றேன். தோட்டத்துல இருந்து வந்த ஒரு அம்மா மகள்ட முகத்தப் பாத்து இது என்ட பிள்ளை இல்ல என்டே நிண்டா, பிறகு கால் பக்கம் துணிய விலக்கிக் காட்டச் சொன்னா, சின்ன விரல்ல தேயிலை கவ்வாத்து வெட்டுற கத்தி பட்ட பழைய தழும்பு இருந்திச்சு, அதுக்குப் பிறகுதான் அழுதா. அடையாளம் பாக்காம பெட்டிய மூடியபடியே எடுத்திட்டுப் போகாதீங்க, பலகையில ஒட்டியிருக்கிற பேரும் பாஸ்போர்ட்ல இருக்கிற பேரும் எழுத்துக்கு எழுத்து பாருங்க.

எல்லாரையும் இங்க எடுத்தே ஆகணும் என்டும் இல்ல. முஸ்லிம் குடும்பங்கள் நிறைய ஜனாஸாவ அங்கயே கெதியா அடக்கச் சொல்லுவாங்க, உம்ராவுக்குப் போய் மௌத்தானவங்கட வீட்டுல அத பாக்கியமாவே எடுப்பாங்க. லண்டன்ல தகனம் பண்ணி யாழ்ப்பாணம் கீரிமலையில கரைக்க சாம்பல் கொண்டு வாறவங்க இரும்பு, பித்தளைச் செம்புல போட வேண்டாம், எக்ஸ்ரேயில உள்ள தெரியாட்டி ஏத்த மாட்டாங்க, மரணச் சான்றிதழும் தகனச் சான்றிதழும் கைப்பையிலயே இருக்கட்டும். குடும்பமா யோசிச்சு எடுத்த முடிவுன்னா எதுலயும் குறை இல்ல.

செத்த வீடு முடிஞ்ச பிறகு சனம் மறக்கிறது சான்றிதழ். வெளிநாட்டுல இறந்த இலங்கையர்ட மரணத்த அங்க இருக்கிற எங்கட தூதரகத்துல பதியலாம், 1981ஆம் ஆண்டு 4ஆம் இலக்க கொன்சியூலர் சட்டத்துல அதுக்கு இடம் இருக்கு. அரபியில இருக்கிற கடதாசிய மட்டும் வச்சிட்டு பேங்க், ஈ.பி.எப் (ஊழியர் சேமலாப நிதி), காணி என்டு அலையிறத விட அத ஆரம்பத்துலயே கேட்டு வாங்கிடுங்க, ஒரிஜினல ஒருத்தர்ட்டயும் குடுத்திடாம கொப்பியக் குடுங்க. விசிட் விசாவுல போனது, பதியாமப் போனது என்டு வெக்கப்பட்டு வீட்டுலயே இருக்கிறவங்களுக்கும் ஒண்டு சொல்றேன், காப்புறுதிதான் இல்ல, இலங்கைப் பிரஜை என்டதால கொன்சியூலர் பிரிவுக்கு அவங்களும் போகலாம், போங்க.