அம்மா உங்களோடுதான் இருக்கிறார், பகல் முழுக்க யாரோடு இருக்கிறார்?

இந்த மாதமும் அதே கதை. இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பாட்டிக்கு நடைப்பயிற்சி கொடுக்கச் செத்தாப்பாக்கில் ஒரு கொண்டோவுக்குப் போனேன். 18-ஆவது மாடி. போன வருடம் வரை சுங்கை சிப்புட்டில் சொந்த வீட்டில் இருந்தவர். வாசல் பெருக்கி, கோழிக்குத் தீனி போட்டு, கோயிலுக்கு நடந்தே போய் வந்தவர். தனியாக விழுந்துவிடுவாரோ என்று பயந்துதான் மகன் கோலாலம்பூருக்கு அழைத்து வந்தார். இங்கே வந்துதான் விழுந்தார்.

"ஒரு வேலையும் செய்ய விடறதில்லைங்க. சோபாவுல உட்கார வச்சு ராணி மாதிரி பார்த்துக்கிறோம்" என்றார் மகன். பாசத்தில் குறையே சொல்ல முடியாது. ஆனால் இதே பேச்சை வீடு வீடாகக் கேட்டு அலுத்துவிட்டேன்.

எழுபதைத் தாண்டிய உடம்புக்கு முழு ஓய்வு கெடுதல். உங்கள் அம்மா ஜிம்முக்குப் போனதில்லை. துணி அலசியதும், குனிந்து கூட்டியதும், கடைக்கு நடந்ததும்தான் இத்தனை வருடம் அவர் காலைக் காப்பாற்றின. அந்த வேலைகளைப் பிடுங்கிவிட்டால் கால் பலம் போகும், பேச்சுத்துணை போகும், 'இந்த வீட்டுக்கு நான் வேணும்' என்கிற நினைப்பும் போகும். வாரத்துக்கு ஒரு முறை நான் வந்து காலைத் தூக்கி இறக்கச் சொல்வதால் அது திரும்பாது. வெங்காயம் உரிக்கட்டும். துணி மடிக்கட்டும். ரசம் அவரே வைக்கட்டும். மெதுவாகத்தான் செய்வார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, "அவங்க தனியா இல்லையே, எங்களோடதானே இருக்காங்க." காலை ஏழுக்கு எல்லாரும் கிளம்பி இரவு ஏழுக்குத் திரும்பும் வீட்டில் அவர் தனியாகத்தான் இருக்கிறார். ஊரில் தனியாக இருந்தபோதாவது பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். இங்கே மின்னல் எஃப்எம் மட்டும்தான் பேசுகிறது. சில வீடுகளில் கிரில் கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தீப்பிடித்தால் அவர் எப்படி வெளியே வருவார்?

அந்தப் பாட்டி பகலில் தண்ணீரே குடிப்பதில்லை என்று பயிற்சிக்கு நடுவில்தான் தெரிந்தது. "குடிச்சா பாத்ரூமுக்குப் போவணும்மா. சோபாவுல இருந்து எந்திரிக்க முடியலை." சோபா முழங்காலுக்குக் கீழே இருந்தது. உட்கார்ந்தால் புதைகிறது. உயரமான, கைப்பிடி வைத்த ஒரு நாற்காலி போதும். தண்ணீர் குறைந்து, சிறுநீரில் கிருமி சேர்ந்து, ஓரிரு நாளில் பேச்சு குழம்பினால் 'வயசாயிடுச்சு' என்று விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாதம் ஒரு பிள்ளை வீடு என்று சுற்றி வரும் பெற்றோருக்கு வேறு சிக்கல். கட்டில் உயரம் மாறுகிறது, கழிவறை இருக்கும் பக்கம் மாறுகிறது, தூக்கத்தில் எழுந்து சுவரில் முட்டுகிறார்கள். ஓர் ஐயாவின் மருந்துப் பையில் ஒரே இரத்தக் கொதிப்பு மாத்திரை இரண்டு பெயரில் இருந்தது, ஒன்று மூத்த மகள் வீட்டுக் கிளினிக்கில் கொடுத்தது, மற்றது இளையவர் வீட்டுப் பக்கம் வாங்கியது. இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தார். எழுந்தால் தலை சுற்றாமல் என்ன செய்யும்? கிளினிக் ஒன்றாக இருக்கட்டும், மருந்துப் பட்டியலும் ஒன்றாக இருக்கட்டும்.

இன்றே ஒன்று செய்து பாருங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் இருக்கிறது, பரிசோதிக்க அழைத்துப் போங்கள். குளியலறைத் தரையைக் காய வையுங்கள், சுவரில் கைப்பிடி அடியுங்கள், இரவில் சின்ன விளக்கு எரியட்டும். பகலில் ஆள் இல்லையென்றால் சமூக நல இலாகாவின் 'பாவே' முதியோர் நடவடிக்கை மையம் பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள், 60 வயதானவர்கள் சேரலாம். பராமரிப்பு இல்லம்தான் வழி என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று மட்டும் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

அழைத்து வந்த கையோடு ஊர் வீட்டை விற்றுவிடாதீர்கள். ஒரு மாதம் தங்கிப் பார்க்கட்டும். அண்ணன் தம்பிகள் கூடிப் பேசி முடித்த பிறகு அம்மாவிடம் சொல்லாமல், பேசும்போதே அவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, எங்கே இருக்க ஆசை என்று கேளுங்கள்.