பெட்டி ஒன்றுதான், லாட் வேறு

இந்த மாதமும் ஒரு அப்பா வந்து நின்றார். "போன போட்டியில நல்லா சுட்டான் கோச். இப்ப கவனமே இல்ல, என்னன்னு கேளுங்க." பையன் தலை குனிந்து நின்றான். தோட்டாப் பெட்டிகளை வாங்கிப் பார்த்தேன். ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஒரே நிறம். ஓரத்தில் அச்சிட்ட லாட் எண்கள், அதாவது ஒரே தடவையில் தயாரித்த தொகுதியைக் காட்டும் எண்கள், மட்டும் மூன்று விதம்.

கோலாலம்பூரில் .22 ரைபிள் பழகும் பிள்ளைகளின் பெற்றோர் பலருக்கு "ஒரே பிராண்டு என்றால் ஒரே தோட்டா" என்பது அசைக்க முடியாத நம்பிக்கை. இல்லைங்க. வெடிமருந்து எரியும் வேகம் ஒவ்வொரு தயாரிப்பிலும் கொஞ்சம் மாறும். நிறுவனங்கள் கலந்து சரிக்கட்டினாலும் முழுக்க ஒன்றாகாது. "இவ்வளவு விலை கொடுத்தோமே?" என்பார்கள். விலைக்குக் கிடைப்பது ஒரு லாட்டுக்குள் தோட்டாவுக்குத் தோட்டா இருக்கும் ஒற்றுமைதான். அடுத்த லாட்டும் அதே தரமாக இருக்கலாம், ஆனால் உங்கள் ரைபிளுக்கு ஒத்துப்போகாமல் இருக்கலாம். மஸ்ஜித் இந்தியாவில் ரவிக்கைக்குத் துணி எடுத்தவர்களுக்குப் புரியும்: அதே கடை, அதே சிவப்பு, வேறு கட்டிலிருந்து வெட்டினால் சாயம் ஒரு சாயல் தள்ளித்தான் இருக்கும்.

இலக்கில் இது என்ன செய்யும்? போட்டித் தோட்டா வினாடிக்குச் சுமார் 325 மீட்டர் வேகத்தில் போகிறது. அதில் 10 மீட்டர் குறைந்தால், 50 மீட்டர் தூரத்தில் குண்டு ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் கீழே இறங்கும். வளையத்துக்கு வளையம் இடைவெளியே 8 மில்லிமீட்டர்தான். லாட்டுகளைக் கலந்து சுட வைத்துவிட்டு, மூச்சுப் பயிற்சி சரியில்லை என்று பிள்ளையைத் திட்டுவது நியாயமா?

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெரிய ரைபிளுக்குச் சொந்தமாகத் தோட்டா நிரப்புகிறவர்களுக்கு இது புள்ளி விவகாரமல்ல, கையோ கண்ணோ போகிற விவகாரம். மருந்தின் லாட் மாறினால் அளவைக் குறைத்து, மறுபடி கீழிருந்து படிப்படியாக ஏற வேண்டும். பழைய அளவையே போட்டால் அழுத்தம் எகிறலாம். யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு, "நாமும் மருந்தை எடுத்து எடைபோட்டுப் பார்க்கலாமா?" என்று என்னிடம் கேட்காதீர்கள். .22 தோட்டாவின் விளிம்புக்குள்ளேயே பற்றவைக்கும் மருந்து இருக்கிறது, நசுங்கினால் வெடிக்கும். உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது மலேசியாவின் 1960 ஆயுதச் சட்டப்படி குற்றமும்கூட.

வாங்கும்போது லாட் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு மூன்று லாட்டில் கொஞ்சம் வாங்கி, ரைபிளை மணல் மூட்டையில் வைத்துச் சுட்டு, நன்றாகக் குவிகிற லாட்டை மொத்தமாக எடுங்கள். ஈலி, லாபுவா போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே சோதனைத் தளங்கள் வைத்திருக்கின்றன, பெரிய வீரர்கள் பலர் சொந்த ரைபிளோடு அங்கே போய் லாட் தேர்ந்தெடுக்கிறார்கள். தோட்டா மாற்றியதும் முதல் சில குண்டுகளை வைத்து முடிவுகட்ட வேண்டாம், குண்டின் மேல் பூசியிருக்கும் புது மெழுகு குழலில் படிய வேண்டும். குறிபார்க்கும் சைட்டைத் திருகுவது அதற்கப்புறம். புள்ளிக் குறிப்பேட்டில் தேதிக்குப் பக்கத்திலேயே லாட் எண்ணையும் எழுதுங்கள். நம்ம ஊர் வெயிலில் பெட்டியைக் காருக்குள் போட்டு வைக்கவே வேண்டாம்.

இன்னொன்று, தயவுசெய்து: மிச்சமிருக்கும் அரைப் பெட்டியையும் புதுப் பெட்டியையும் ஒரே டப்பாவில் கொட்டாதீர்கள். கலந்த பின் எது எந்த லாட் என்று நானும் சொல்ல முடியாது.