ஜோடி ஐந்து எப்போது லாபம்?

வாசகர் ஒருவரின் கேள்வி: "போக்கரில் எந்தச் சீட்டோடு ஆட்டத்தில் இறங்கலாம் என்பதற்கு லிமிட் ஆட்டத்துக்கு ஒரு அட்டவணை, நோ-லிமிட்டுக்கு வேறு அட்டவணை போடுகிறார்கள். கட்டு அதே 52 சீட்டுதானே, நிகழ்தகவு எப்படி மாறும்?"

நிகழ்தகவு மாறவில்லை. ஜெயித்தால் எவ்வளவு கிடைக்கும், தோற்றால் எவ்வளவு போகும் என்பதுதான் மாறுகிறது. நல்ல கேள்வி, ஏனென்றால் அதிர்ஷ்டச் சீட்டு, ராசியான நாற்காலி என்று பேசுகிறவர்கள் எல்லாருமே சீட்டுக்கென்று ஒரு நிரந்தர மதிப்பு இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள்.

விதிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டெக்சஸ் ஹோல்டமில் ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துத் தருவார்கள். அப்புறம் மேசை நடுவில் முதலில் மூன்று (இதற்கு ஃப்ளாப் என்று பெயர்), பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று என ஐந்து பொதுச்சீட்டுகள் திறக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் பணம் கட்டலாம், ஏற்றலாம், போதும் என்று விலகலாம். கையில் வரக்கூடிய இரண்டு சீட்டுச் சேர்க்கைகள் மொத்தம் 1326. ஸ்பேடா ஆர்ட்டினா என்று பார்க்காமல் வகை பிரித்தால் 169. 10-20 டாலர் லிமிட் மேசையில் முதல் இரண்டு சுற்றில் பந்தயம் பத்துப் பத்தாகத்தான் ஏறும், கடைசி இரண்டில் இருபது இருபதாக. நோ-லிமிட்டில் முன்னால் இருக்கும் பணம் முழுவதையும் எந்த நேரத்திலும் தள்ளிவிடலாம்.

இப்போது கையில் ஜோடி ஐந்து. ரம்மி ஆடுகிறவர்களுக்கு செட் என்றால் தெரியும். இங்கேயும் நாம் காத்திருப்பது மூன்றாவது ஐந்துக்காகத்தான். ஃப்ளாப்பில் அது விழ வாய்ப்பு 11.8 சதவீதம், அதாவது ஏறத்தாழ எட்டரை தடவைக்கு ஒரு தடவை. ஒரு வெற்றிக்கு ஏழரை தோல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். (செட் விழாமலேயே ஜோடி ஐந்து ஜெயிப்பதும் உண்டு, கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அதை விட்டுவிடுகிறேன்.)

லிமிட் மேசையில் எதிராளி 20 டாலருக்கு ஏற்றுகிறார், நீங்களும் 20 கட்டுகிறீர்கள், மற்றவர்கள் விலகிவிட்டார்கள். ஏழரை தோல்விக்கு 150 டாலர் போகிறது. ஒரு வெற்றிக்கு என்ன வரும்? அவர் கட்டிய 20, சீட்டு பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயப் பந்தயமாகப் போட வேண்டிய 5-உம் 10-உம் சேர்த்து 15, ஆக 35. அவர் கையில் ஜோடி ஏஸ் இருந்து கடைசிவரை விடாமல் வந்தாலும், நீங்கள் ஃப்ளாப்பிலும் அடுத்த சீட்டிலும் ஒருமுறை ஏற்றியிருந்தாலும், மேற்கொண்டு கிடைப்பது 20, 40, 20 என்று 80. மொத்தம் 115. போவது 150, வருவது 115! அதே இடத்தில் நாலைந்து பேர் இருபது இருபதாகக் கட்டியிருந்தால் கணக்கு லாபத்துக்குத் திரும்பிவிடும், அதனால்தான் லிமிட் ஆட்டக்காரர்கள் சின்ன ஜோடியைக் கூட்டம் உள்ள மேசையில்தான் விரும்புவார்கள்.

நோ-லிமிட்டுக்கு வாருங்கள். கட்டாயப் பந்தயம் 5, 10. இருவரிடமும் ஆயிரம் டாலர். அவர் 30 போட, நீங்களும் 30. ஏழரை தோல்விக்கு 225. செட் விழுந்தால் நடுவில் உள்ள 45 போக அவரிடம் இன்னும் 970 இருக்கிறது. மூன்று செட்டில் ஒன்றுக்கு மட்டும் அவர் முழுப்பணத்தையும் கொடுத்தால்கூட சராசரியாக 368 வருகிறது. ஆனால் இருவரிடமும் ஆரம்பத்தில் 200தான் இருந்தது என்று வையுங்கள்: 45-உம் மீதி 170-உம் சேர்த்து 215. ஒவ்வொரு முறையும் எதிராளி அத்தனையையும் அள்ளிக் கொடுத்தாலும் 225-ஐ எட்டவில்லை. சீட்டு மாறவில்லை, ஆள் மாறவில்லை, எதிராளி சட்டைப்பையின் ஆழம் மட்டும்தான் மாறியது. எனக்கு இந்த ஆட்டத்திலேயே மிகப் பிடித்த இடம் இதுதான்.

கிங்-ஜாக் வேறு வேறு இனமாக வந்தால் கதை தலைகீழ். மூன்றில் ஒரு தடவை ஃப்ளாப்பில் ஏதோ ஒரு ஜோடி அமையும். லிமிட்டில் அது வயிற்றுப்பாட்டுக்குப் போதும். எதிரே ஏஸ்-கிங் இருந்தாலும் நாலைந்து பந்தயத்தோடு நஷ்டம் நின்றுவிடும். நோ-லிமிட்டில் ஃப்ளாப்பில் கிங் விழுந்து எதிராளி ஆயிரத்தையும் தள்ளுகிறார் என்றால் அவரிடம் என்ன இருக்கும்? பெரும்பாலும் உங்கள் ஜோடி கிங்கை அடிக்கக்கூடிய ஏதோ ஒன்று. சில்லறையை ஜெயித்து மூட்டையைத் தோற்கும் சீட்டு அது.

ஒரே இனத்தில் ஐந்து சேர்க்கக் காத்திருக்கும்போதும் இதே தர்க்கம். ஃப்ளாப்பில் நான்கு ஸ்பேட் ஆகிவிட்டால், பார்க்காத 47 சீட்டில் 9 உதவும், 38 உதவாது, 1-க்கு 4.2. நடுவில் 60 டாலர் கிடக்க லிமிட்டில் எதிராளி போட முடிவது 10தான். பத்துக் கொடுத்து எழுபதுக்கு ஆடுகிறீர்கள், தாராளமாக வரலாம், அவரால் உங்களைத் துரத்த முடியாது. நோ-லிமிட்டில் அவர் 60 போடுவார், அறுபது கொடுத்து நூற்றிருபதுக்கு ஆடுவது அடுத்த ஒரு சீட்டை நம்பி மட்டும் என்றால் கட்டுப்படியாகாது.

2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு இருவர் ஆடும் லிமிட் ஹோல்டமை நடைமுறைக்குத் தீர்த்தே விட்டது. செஃபியஸ் என்ற அந்த நிரல் தன்னோடு தானே ஆடி, ஒவ்வொரு முடிவிலும் 'வேறு மாதிரி ஆடியிருந்தால் எவ்வளவு கூடக் கிடைத்திருக்கும்' என்ற வருத்தத்தைக் கூட்டிக்கொண்டே போய் அதைக் குறைக்கக் கற்றது. நோ-லிமிட்டை அப்படி முழுதாகத் தீர்க்க முடியவில்லை. லிமிட்டில் முடிவெடுக்க வேண்டிய இடங்கள் 14 பூஜ்யம் போட்ட எண் அளவுக்கு என்றால், இருவர் நோ-லிமிட்டில் 160 பூஜ்யம். ஆனாலும் 2017-இல் அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகம் எழுதிய லிப்ராட்டஸ் என்ற நிரல், பிட்ஸ்பர்க்கில் 1,20,000 கைகள் ஆடி நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. நம் ஊரில் சீட்டாட்ட ஆராய்ச்சிக்கு நிதி கேட்டுப் போனால் சிரித்து அனுப்பிவிடுவார்கள் என்பது என் எண்ணம். மறைந்த தகவலோடு முடிவெடுக்கும் கணிதத்துக்கு இதைவிடச் சுத்தமான சோதனைக்கூடம் எங்கே கிடைக்கும்?

அதே வாசகர் டோர்னமென்ட் பற்றியும் கேட்டிருந்தார். அங்கே பெயர் நோ-லிமிட்தான், ஆனால் கடைசிக் கட்டத்தில் பலரிடம் பெரிய கட்டாயப் பந்தயத்தைப்போல் பத்துப் பதினைந்து மடங்கு சிப் மட்டுமே மிஞ்சியிருக்கும். அப்போது ஏழு-ஆறு ஒரே இனம் மாதிரியான ஆசைச் சீட்டுகள் விலை இறங்கிவிடும், ஏஸ்-பத்து ஏறிவிடும். ஜோடி ஐந்தை வைத்துக்கொண்டு செட்டுக்குக் காத்திருக்க அங்கே நேரமில்லை, ஃப்ளாப்புக்கு முன்பே மொத்தத்தையும் தள்ளிவிடுவார்கள்.