வரைபடத்தில் இல்லாத மின்தேக்கி

மின்சாரக் காரில் ஏஎம் ரேடியோ ஏன் அப்படி இரைகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். 2023-ல் ஃபோர்டு தன் புது வண்டிகளில் ஏஎம்மையே எடுத்துவிடப் போவதாகச் சொல்லி, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது நினைவிருக்கலாம்.

காரின் 400 வோல்ட் பேட்டரியிலிருந்து விளக்குக்கும் ரேடியோவுக்கும் 12 வோல்ட் எடுத்துத் தருவது டிசி-டிசி கன்வர்ட்டர். அதன் டிரான்சிஸ்டர்கள் வினாடிக்கு ஒரு லட்சம் தடவை திறந்து மூடுகின்றன என்று வைத்துக்கொள்வோம், அதன் மடங்குகளான 600, 700, 800 கிலோஹெர்ட்ஸ் எல்லாம் ஏஎம் அலைவரிசையில்தான் போய் விழும். சரி, உலோகப் பெட்டிக்குள் இருக்கும் அந்த இரைச்சல் எப்படி வெளியே வருகிறது?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சூடு இறங்க டிரான்சிஸ்டரை ஹீட்சிங்க் என்ற உலோகத் துண்டில் பொருத்துவார்கள், நடுவில் மின்சாரம் கடத்தாத மெல்லிய தாள். உலோகம், தாள், உலோகம்: யாரும் வரையாமலே அங்கே ஒரு மின்தேக்கி உருவாகிவிட்டது! சும்மா 100 பைக்கோஃபாரட்தான். வோல்ட் மாறுகிற வேகத்துக்கு ஏற்ப மின்தேக்கி வழியே மின்னோட்டம் போகும். ஆனால் 400 வோல்ட் 20 நானோவினாடியில் ஏறும்போது கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்தத் தாள் வழியே 2 ஆம்பியர் பாய்கிறது. அது காரின் உலோக உடலான சேசிஸில் இறங்கி, கிடைத்த கேபிளைப் பிடித்துச் சுற்றி வந்து கன்வர்ட்டருக்குத் திரும்புகிறது, போகிற வழியில் கேபிளையே ஆன்டெனா ஆக்கிவிடுகிறது.

அதனால் இந்த இரைச்சலை முன்கூட்டியே கணினியில் கணிக்கும் சிமுலேஷனில் சர்க்யூட் வரைபடம் மட்டும் போதாது. போர்டு, ஹீட்சிங்க், கேபிள் எல்லாவற்றையும் முப்பரிமாணத்தில் வரைந்து, ஒளிந்திருக்கும் மின்தேக்கிகளையும் தூண்டல்களையும் கணக்கிட்டு எடுத்து, 1973-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்த, சர்க்யூட்டைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் ஸ்பைஸ் மாதிரியான நிரலில் சேர்க்க வேண்டும். சோதனைக்கூடத்தில் கேபிளில் வரும் இரைச்சலை அளக்க வைக்கும் 5 மைக்ரோஹென்றி, 50 ஓம் சர்க்யூட்டையும் சேர்த்து, நானோவினாடிக்கும் குறைவான நேர இடைவெளிகளில் ஓட்டி, அப்புறம் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இரைச்சல் என்று பிரித்துக் காட்டும் ஃபூரியர் மாற்றம் செய்து, வாகன ரேடியோ இரைச்சலுக்கான சர்வதேசத் தரமான சிஸ்பர் 25 வரம்போடு ஒப்பிடுவார்கள். ஒரு மில்லிமீட்டர் கம்பிக்கே சுமார் ஒரு நானோஹென்றி தூண்டல் உண்டு. 12 நானோஹென்றியும் 200 பைக்கோஃபாரடும் சேர்ந்தால் 103 மெகாஹெர்ட்ஸ் பக்கம் அதிரும், அதாவது எஃப்எம்மும் போச்சு.

நம் பொறியியல் கல்லூரிகளில் இன்னமும் குறையே இல்லாத லட்சிய டிரான்சிஸ்டரை வைத்துத்தான் பாடம் நடக்கிறது என்பது என் வருத்தம். ரேடியோ அலை எதிரொலிக்காத சோதனை அறை கட்டக் கோடிகள் வேண்டும், ஸ்பைஸ் இலவசம். அந்த 100 பைக்கோஃபாரடைச் சேர்த்தும் சேர்க்காமலும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்ல எந்த நிதியும் தேவையில்லை. பிறகு பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டு கம்பியிலிருந்தும் சேசிஸுக்கு ஆளுக்கொரு சின்ன மின்தேக்கி வைத்து ஓட்டட்டும், அந்த 2 ஆம்பியரில் பெரும்பகுதி கேபிளுக்குப் போகாமல் பெட்டிக்குள்ளேயே திரும்பிவிடுவது திரையில் தெரியும்.