அதே உதடு, அதே இடம்

வந்தவருக்குக் கீழுதட்டின் இடது ஓரத்தில் ஒரு கொப்புளம். உடைந்து பொருக்குத் தட்டி, சுற்றிலும் கருநீலமாக இருந்தது. "சூட்டுக் கொப்புளம்தான் டாக்டர். முன்னாடியும் ரெண்டு தடவை இதே இடத்துல வந்துச்சு" என்றார். புதிதாக மருந்து ஏதாவது எடுத்தீர்களா என்று கேட்டேன். இல்லையாம். மாத்திரை ஏதாவது போட்டீர்களா என்று மாற்றிக் கேட்டதும், "முட்டி வலிக்கு ஒண்ணு போட்டேன். அதெல்லாம் மருந்துல சேர்த்தியா?" என்றார்.

பல் மருத்துவராக இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. அதனால் வலி மாத்திரை, சளி மாத்திரை, சத்து மாத்திரை, மவுத்வாஷ் என்று ஒவ்வொன்றாகவே கேட்பேன்.

ஹெர்பிஸ் என்ற வைரஸால் வரும் கொப்புளமும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும்தான். ஆனால் மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் கிளம்பி, ஆறிய பிறகும் கறுப்புத் தழும்பை விட்டுப் போனால் மருந்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இந்த மருந்துக் கொப்புளம் தொல்லைதான், பெரும்பாலும் ஆபத்தில்லை. அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கோ ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரையோ போட்ட சில நிமிடங்களில் உதடும் நாக்கும் வீங்கி, குரல் மாறி, எச்சில் விழுங்க முடியாமல் போவது வேறு கதை. அலர்ஜி மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள், அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகளிலும் நாக்கு வீங்கலாம். அரிப்பு இருக்காது, தடிப்பு இருக்காது. மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில் ஒழுங்காக ஒத்துக்கொண்ட மாத்திரையாகவும் இருக்கும். அதனாலேயே யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. பிராடிகைனின் என்ற பொருள் உடலில் தேங்குவதால் வரும் வீக்கம் என்பதால் வழக்கமான அலர்ஜி மருந்துகளுக்கு அது சரியாக அடங்காது.

நான் உண்மையில் பயப்படுவது "சாதாரண வாய்ப்புண்" என்று வருகிறவர்களைப் பார்த்துத்தான். வலிப்புக்கான கார்பமசெபைன், ஃபெனிடாய்ன், லாமோட்ரிஜின், யூரிக் அமிலத்துக்கான அல்லோபியூரினால், கிருமிகளுக்கான சல்ஃபா மருந்துகள்: இவற்றில் ஒன்றை ஆரம்பித்து 8 வாரத்துக்குள் காய்ச்சல், கண் எரிச்சல், வாய் முழுக்கப் புண், உதட்டில் ரத்தப் பொருக்கு என்று வந்தால் அது மருந்து ஒத்துக்கொள்ளாமல் தோலும் வாயும் உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயாக இருக்கலாம். தோல் உரியத் தொடங்கும் வரை பொறுக்கக் கூடாது. அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே மருத்துவமனையில் இருக்க வேண்டும். வலிப்பு மாத்திரைக்குப் பதில் எதைக் கொடுப்பது என்று அங்கே முடிவு செய்வார்கள்.

எல்லாமே ஒவ்வாமை அல்ல. மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் போட்டால் நாக்கில் உலோகச் சுவை தட்டும், அவ்வளவுதான். மூட்டுவாதம் போன்றவற்றுக்கு வாரம் ஒரு முறை போட வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டைத் தவறுதலாகத் தினமும் போட்டு வாய் வெந்து போனால், அது மருந்து நஞ்சானதன் அடையாளம்.

முட்டி வலிக்காரரிடம் வருகிறேன். "ஒவ்வொரு தடவையும் வேற வேற மாத்திரை டாக்டர்" என்று அடித்துச் சொன்னார். வீட்டுக்குப் போன் போட்டு, இருந்த அட்டைகளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். மூன்று நிறம், மூன்று பெயர். பொடி எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மூன்றிலும் நாப்ராக்சன் என்ற ஒரே வலி மருந்து.